ஹரால்ட் யூரி

ஹரால்ட் கிளேட்டன் யூரி (ஏப்ரல் 29, 1893 – ஜனவரி 5, 1981) அமெரிக்காவைச் சேர்ந்த இயற்பிய வேதியியலாளர் ஆவார். ஹைட்ரஜனின் கனமான ஓரிடத்தானாகிய டியூட்டீரியத்தைக் கண்டறிந்தமைக்காக 1934 ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசைத் தனியொருவராகப் பெற்றார். ஒரே தனிமத்தின் அணுக்களாக இருந்தும் நிறையில் வேறுபடுகின்றவை ஓரிடத்தான்கள். ஐசோடோப்புகள் என்றும் இவற்றை அழைப்பர். இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தெடுப்பதில் யூரியின் ஆய்வு வாழ்வின் ஒரு முக்கியப் பகுதி கழிந்தது. அணுக்கரு இணைவு உலைகளுக்குத் தேவையான டிரிட்டியத்தை நீரிலிருந்து மீட்பதற்கு இன்று மூன்று முறைகள் பயன்படுகின்றன. அவை நீரை மின்னாற்பகுத்தல், நீருக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையே வினையூக்கியின் துணையுடன் நிகழும் பரிமாற்றம், திரவ ஹைட்ரஜனைக் காய்ச்சி வடித்தல் என்பன. இம்மூன்றையும் யூரி 1931 க்கும் 1943 க்கும் இடையில் டியூட்டீரியத்திற்காகக் கையாண்டார். டிரிட்டியத்தை அவர் நேரடியாகத் தேடவில்லை என்றபோதிலும், அதனைப் பிரித்தெடுக்கும் வழி அவருடைய பணியினூடாகவே செல்கிறது.

இளமையும் கல்வியும்

யூரி இந்தியானா மாநிலத்தின் வாக்கர்டன் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை சாமுவேல் யூரி பள்ளி ஆசிரியராகவும், பிரதரன் என்னும் கிறித்தவச் சபையில் போதகராகவும் இருந்தார். ஹரால்டுக்கு ஆறு வயதானபோது தந்தை காலமானார். குடும்பம் வறுமையில் வாடியது. பள்ளிக் கல்வியை முடித்தபின் யூரி இந்தியானாவிலும் பின்னர் மொன்டானாவிலும் நாட்டுப்புறப் பள்ளிகளில் ஆசிரியராகப் பணியாற்றினார். 1914 இல் மொன்டானா பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1917 இல் விலங்கியலில் இளநிலைப் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் உயிரின் தோற்றத்தைப் பற்றி அவர் ஆராய்ந்ததற்கு இப்பயிற்சியும் ஒரு காரணம் எனக் கொள்ளலாம்.

முதல் உலகப் போரின்போது பிலடெல்பியாவில் வெடிமருந்துக்கான வேதிப்பொருள்களைத் தயாரித்த தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். வேதியியலுக்கு அவர் முழுமையாகத் திரும்பியது இதன் பின்னரே. 1921 இல் கலிபோர்னியா மாநிலத்தின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் லூயிசின் துறையில் சேர்ந்து 1923 இல் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஓராண்டைக் கோபன்கேகனில் நீல்சு போரின் ஆய்வு நிறுவனத்தில் செலவிட்டார். நாடு திரும்பி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்திலும், 1929 முதல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்தார். 1926 இல் பிரீடா டாம் என்பவரை மணந்தார்.

டியூட்டீரியத்தின் கண்டுபிடிப்பு

1931 இல் பெர்கே, மென்செல் ஆகிய இரு அமெரிக்க அறிவியலாளர்கள் ஒரு முரண்பாட்டைச் சுட்டிக் காட்டினர். ஹைட்ரஜனின் அணுநிறையை ஆஸ்டன் தம் நிறை நிறமாலைக் கருவியால் அளந்து தந்த மதிப்பும், வேதியியல் முறையில் கிடைத்த மதிப்பும் பொருந்தவில்லை. சாதாரண ஹைட்ரஜன் அணுக்கள் 4,500 க்கு ஒன்று என்ற அளவில் இரு மடங்கு நிறையுடைய அணு கலந்திருந்தால் இம்முரண்பாடு நீங்கும் என்று அவர்கள் கூறினர். இதனைப் படித்த யூரி உடனே தேடலைத் தொடங்கினார்.

இயற்கையில் மிக அரிதாக உள்ள ஒன்றைக் காண வேண்டுமானால் முதலில் அதனைச் செறிவூட்ட வேண்டும். கனமான ஹைட்ரஜன் சாதாரண ஹைட்ரஜனைவிடச் சற்று மெதுவாக ஆவியாகும் என்று யூரி கணக்கிட்டார். திரவ ஹைட்ரஜனைப் பெருமளவில் ஆவியாக விட்டால், எஞ்சும் சிறு துளியில் கனமான அணுக்கள் சேர்ந்திருக்க வேண்டும். அக்காலத்தில் அமெரிக்காவில் திரவ ஹைட்ரஜன் தயாரிக்கும் வசதி மிகச் சில இடங்களில் மட்டுமே இருந்தது. வாஷிங்டனில் இருந்த தேசியத் தரநிலைப் பணியகத்தில் பெர்டினண்ட் பிரிக்வெட் இப்பணியை ஏற்றுக்கொண்டு, பல லிட்டர் திரவத்தை ஏறத்தாழ ஒரு கன சென்டிமீட்டர் அளவிற்கு வற்றச் செய்து, எஞ்சிய வாயுவை நியூயார்க்கிற்கு அனுப்பினார்.

முதல் மாதிரி ஏமாற்றம் அளித்தது. யூரியும் அவருடைய உதவியாளர் ஜார்ஜ் மர்பியும் அதில் சொல்லத்தக்க செறிவு எதனையும் காணவில்லை. அது 20 கெல்வின் வெப்பநிலையில், வளிமண்டல அழுத்தத்தில் ஆவியாக்கப்பட்டது. பின்னர் அழுத்தத்தைக் குறைத்து, ஹைட்ரஜன் உறையும் நிலைக்கு அருகில், அதாவது 14 கெல்வின் வெப்பநிலையில் ஆவியாக்கப்பட்ட மாதிரிகளில் விடை கிடைத்தது. ஹைட்ரஜன் நிறமாலையின் சிவப்புக் கோட்டிற்கு அருகே, ஏறத்தாழ 1.8 ஆங்ஸ்ட்ராம் தள்ளி, கணக்கிட்டுச் சொன்ன அதே இடத்தில் மங்கலான இன்னொரு கோடு தெரிந்தது. 1931 நவம்பரில், அமெரிக்கர்கள் கொண்டாடும் நன்றி நவிலல் நாளன்று இது உறுதியாயிற்று. வீட்டில் விருந்தினர் காத்திருக்க, யூரி அன்று மிகவும் தாமதமாகவே விருந்துக்குச் சென்றார் என்பர்.

இக்கண்டுபிடிப்பில் விந்தையான செய்தி ஒன்று உண்டு. ஆஸ்டன் 1935 இல் தம் அளவீட்டைத் திருத்தி வெளியிட்டார். திருத்திய மதிப்பின்படி முன்னர் கூறப்பட்ட முரண்பாடே இல்லை. அதாவது, தவறான ஓர் எண் தூண்டியதனால் யூரி தேடினார். தேடிய பொருளோ உண்மையில் இருந்தது. இயற்கையில் அதன் அளவு 4,500 க்கு ஒன்று அன்று. ஏறத்தாழ 6,400 க்கு ஒன்று மட்டுமே.

முதல் மாதிரி ஏமாற்றியதற்கும் பின்னர் காரணம் தெரிந்தது. திரவமாக்கப்பட்ட ஹைட்ரஜன், நீரை மின்னாற்பகுத்துப் பெறப்பட்டது. மின்னாற்பகுப்பின்போது இலேசான ஹைட்ரஜனே முந்திக்கொண்டு வாயுவாக வெளியேறுகிறது. கனமானது நீரிலேயே தங்கிவிடுகிறது. புதிய நீரிலிருந்து முதலில் வரும் வாயுவில் டியூட்டீரியம் இயல்பைவிடக் குறைவு. 1932 இல் எட்வர்டு வாஷ்பர்னும் யூரியும் இவ்விளைவையே ஒரு பிரித்தெடுக்கும் முறையாக வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் யூரியின் ஆசிரியரான லூயிஸ், மின்னாற்பகுப்பினால் ஏறக்குறையத் தூய கன நீரைத் தயாரித்தார். (லூயிசுக்கு நோபல் பரிசு இறுதிவரை கிடைக்கவில்லை.)

1934 டிசம்பரில் நடந்த நோபல் பரிசு விழாவிற்கு யூரி செல்லவில்லை. அப்போது அவருடைய மனைவி மகப்பேற்றை எதிர்நோக்கியிருந்தார். 1935 பிப்ரவரியில் சுவீடனுக்குச் சென்று உரையாற்றினார். பரிசுத் தொகையில் பிரிக்வெட்டிற்கும் மர்பிக்கும் ஆளுக்கு நான்கில் ஒரு பங்கு அளித்தார். கார்னகி அறக்கட்டளை தமக்கு வழங்கிய 7,600 டாலர் ஆய்வு நிதியில் பாதியை, அப்போது இளைஞராக இருந்த இயற்பியலாளர் இசிடோர் ராபிக்கு அளித்தார். ராபி பின்னாளில் தாமும் நோபல் பரிசு பெற்றார்.

மூன்றாவது ஹைட்ரஜன்

டியூட்டீரியம் கிடைத்ததும் இயற்பியலாளர்கள் அதன் அணுக்கருக்களை எறிபொருளாகப் பயன்படுத்தத் தொடங்கினர். லூயிஸ் அனுப்பிய கன நீரைப் பெற்ற கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் ரதர்போர்டு, ஒலிபண்ட், ஹார்டெக் ஆகியோர் 1934 இல் டியூட்டீரியத்தின் மீதே டியூட்டீரிய அணுக்கருக்களை மோதச் செய்தனர். இரண்டு இணைந்தபோது, மும்மடங்கு நிறையுடைய ஹைட்ரஜன் பிறந்தது. அதுவே டிரிட்டியம். ஆய்வகத்தில் மனிதர் நிகழ்த்திய முதல் அணுக்கரு இணைவுகளில் இதுவும் ஒன்றாகும்.

டிரிட்டியம் நிலையானது என்றே ரதர்போர்டு நம்பினார். நார்வேயில் பெருமளவு நீரை மின்னாற்பகுத்துச் சுருக்கிய கன நீரைப் பெற்று, அதில் டிரிட்டியத்தைத் தேடச் செய்தார். தேடல் தோல்வியுற்றது, அதனைத் தெரிவித்த கட்டுரை 1937 இல், அவர் மறைந்த ஆண்டில் வெளிவந்தது. 1939 இல் பெர்க்லியில் ஆல்வரெசும் கார்னாக்கும் டிரிட்டியம் கதிரியக்கம் உடையது எனக் காட்டினர். அதன் அரை ஆயுட்காலம் 12.3 ஆண்டுகள். அண்டக் கதிர்களால் வளிமண்டலத்தில் உண்டாகும் டிரிட்டியம் மழைநீரில் சேர்கிறது. ஆனால் அணு யுகத்திற்கு முந்தைய நீரில் அதன் அளவு 1,000,000,000,000,000,000 ஹைட்ரஜன் அணுக்களுக்குச் சில அணுக்கள் என்பதே. நிறையைக் கொண்டு தேடுபவருக்கு இது அகப்படாது. கதிரியக்கத்தைக் கொண்டு தேடுபவருக்கே அகப்படும். யூரியுடன் கொலம்பியாவிலும் பின்னர் சிகாகோவிலும் பணியாற்றிய வில்லர்டு லிபி அவ்வாறே தேடினார். நீரை மின்னாற்பகுத்து டிரிட்டியத்தைச் செறிவூட்டி அளந்து, நீரின் வயதையும் திராட்சை மதுவின் வயதையும் கணித்தார்.

பரிமாற்ற வினைகள்

1930 களில் யூரி செய்த மற்றொரு பணி பொதுமக்களிடையே அவ்வளவாக அறியப்படவில்லை. ஒரு தனிமத்தின் ஓரிடத்தான்கள் வேதியியலில் முற்றிலும் ஒன்றுபோல் நடந்துகொள்கின்றன என்று அதுவரை நம்பப்பட்டது. அது முழு உண்மையன்று என்று யூரி, ரிட்டன்பர்க் முதலிய தம் மாணவருடன் சேர்ந்து கணக்கிட்டுக் காட்டினார். ஹைட்ரஜன் வாயுவும் நீரும் ஒன்றையொன்று தொட்டு அணுக்களை மாற்றிக்கொள்ளும்போது, கனமான ஹைட்ரஜன் வாயுவில் தங்குவதைவிட நீரில் தங்குவதையே விரும்புகிறது. அறை வெப்பநிலையில் இவ்விருப்பம் டியூட்டீரியத்திற்கு ஏறத்தாழ நான்கு மடங்கு. டிரிட்டியத்திற்கு அதனினும் கூடுதல். வெப்பநிலை உயர உயர இது குறைகிறது. எனினும் நீரும் ஹைட்ரஜனும் தாமாக இப்பரிமாற்றத்தைச் செய்வதில்லை. பிளாட்டினம் போன்ற வினையூக்கி தேவை. இம்முறையினால் யூரி நைட்ரஜன்-15, கார்பன்-13 ஆகியவற்றையும் செறிவூட்டினார். அவை உயிர்வேதியியலாளர்களுக்கு உடலினுள் உணவின் பாதையைப் பின்தொடரும் அடையாளக் குறிகளாகப் பயன்பட்டன.

போர்க்காலப் பணி

இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டுத் திட்டத்தில் ஓரிடத்தான்களைப் பிரிப்பதே மையச் சிக்கலாயிற்று. எனவே யூரி அத்திட்டத்தின் தலைவர்களுள் ஒருவரானார். கொலம்பியாவின் ஆய்வகத்தில் யுரேனியம்-235 ஐ வாயு விரவல் முறையில் பிரிக்கும் ஆய்வு இவர் பொறுப்பில் நடந்தது. அதே வேளையில் கன நீர்த் தயாரிப்பும் இவரிடம் வந்தது.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தில் டிரெயில் என்னும் ஊரில் உரத் தொழிற்சாலை ஒன்று நீரை மின்னாற்பகுத்துப் பெருமளவில் ஹைட்ரஜன் தயாரித்து வந்தது. பிரின்ஸ்டனைச் சேர்ந்த ஹியூ டெய்லரும் யூரியும் அங்கே ஒரு பரிமாற்ற ஆலையை வகுத்தனர். மின்கலங்களிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் கோபுரத்தில் மேல்நோக்கிச் செல்லும். நீர் கீழ்நோக்கி இறங்கும். நீரை நீராவியாக்கி ஹைட்ரஜனுடன் சேர்த்து வினையூக்கியின் வழியே செலுத்தும்போது, வாயுவில் தப்பிச் செல்ல இருந்த டியூட்டீரியம் நீருக்குத் திரும்பிவிடும். 1943 இல் இவ்வாலை கன நீரைத் தரத் தொடங்கி 1956 வரை இயங்கியது. யூரியின் கொலம்பியா ஆய்வகத்தில் பணியாற்றிய ஜெரோம் ஸ்பெவாக் உருவாக்கிய ஹைட்ரஜன் சல்பைடு முறை, வினையூக்கியே வேண்டாததாகையால், பின்னாளில் டிரெயில் முறையைப் பின்தள்ளியது. தூத்துக்குடியில் 1978 இல் இயங்கத் தொடங்கிய கன நீர் ஆலை அமோனியாவுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பரிமாற்றத்தைப் பயன்படுத்தியது. இதுவும் அதே கோட்பாட்டின் இன்னொரு வடிவமாகும்.

யுரேனியப் பணியில் யூரிக்கு நிம்மதி இருக்கவில்லை. வாயு ஊடுருவிச் செல்ல வேண்டிய தடுப்புச் சவ்வு எது என்பதில் திட்டத் தலைவர் ஜெனரல் குரோவ்சுடன் கடுமையாக முரண்பட்டார். போர் முடிவதற்கு முன்னரே அவர் அப்பணியின் தலைமையிலிருந்து ஒதுங்கிவிட்டார்.

அணுகுண்டும் மனச்சான்றும்

1945 மே மாதத்தில், ஜப்பான் மீது குண்டு வீசப்படுவதற்கு முன்னர், லியோ சிலார்டுடன் தென் கரோலினாவுக்குச் சென்று, விரைவில் வெளியுறவுச் செயலராகவிருந்த ஜேம்ஸ் பர்ன்சைச் சந்தித்த மூவருள் யூரியும் ஒருவர். அச்சந்திப்பினால் பயன் விளையவில்லை. போருக்குப்பின் அணுசக்தியை இராணுவத்தின் கட்டுப்பாட்டில் வைக்க முயன்ற சட்ட வரைவை எதிர்த்து நாடெங்கும் பேசினார். 1946 இல் ஐன்ஸ்டைன் தலைமையில் அமைந்த அணு அறிவியலாளர்களின் அவசரக் குழுவில் துணைத் தலைவராக இருந்தார்.

ஆயினும் இவரை எளிதாக ஓர் அணுகுண்டு எதிர்ப்பாளர் என்று வகைப்படுத்த இயலாது. சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்தபின், 1950 ஜனவரியில் ஹைட்ரஜன் குண்டைத் தயாரிப்பதை, மனமகிழ்ச்சியின்றியே எனினும், வெளிப்படையாக ஆதரித்தார். ஹைட்ரஜன் குண்டு என்பது யூரி கண்டறிந்த டியூட்டீரியமும் அதன் உடன்பிறப்பான டிரிட்டியமும் இணையும் ஆயுதமாகும். மூன்றாண்டுகளுக்குப்பின், அணு இரகசியங்களைச் சோவியத்துக்கு அளிக்கச் சதி செய்ததாக மரண தண்டனை விதிக்கப்பட்ட ரோசன்பர்க் தம்பதியரின் வழக்கில், சாட்சியங்கள் நம்பத்தக்கனவாக இல்லை என்று கூறி நாளிதழுக்கு எழுதினார். கருணை காட்டும்படி குடியரசுத் தலைவரை வேண்டினார். அச்சம் நிறைந்த அக்காலத்தில் இது துணிச்சலான செயல். இதனால் இவர் ஐயத்திற்கும் விசாரணைக்கும் உள்ளானார். தம்பதியர் 1953 ஜூன் மாதத்தில் கொல்லப்பட்டனர்.

சிகாகோவும் பிற்காலமும்

1945 முதல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய யூரி, பரிமாற்றச் சமநிலை வெப்பநிலையைச் சார்ந்தது என்ற தம் பழைய முடிவைப் புதிய களத்தில் பயன்படுத்தினார். கடல் ஓடுகளில் உள்ள ஆக்சிஜன்-18 இன் அளவிலிருந்து அவை வளர்ந்த கடலின் வெப்பநிலையை அறியலாம் என்று காட்டினார். பண்டைய தட்பவெப்பம் பற்றிய இன்றைய அறிவு பெரிதும் இதிலிருந்து தொடங்குகிறது. 1953 இல் இவருடைய மாணவர் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அமோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றின் கலவையில் மின்பொறியைச் செலுத்தி அமினோ அமிலங்களைப் பெற்றார். கட்டுரையில் தம் பெயர் இருந்தால் பெருமை முழுவதும் தமக்கே வந்துசேரும் எனக் கருதி, யூரி அதில் தம் பெயரைச் சேர்க்க மறுத்துவிட்டார்.

1958 இல் கலிபோர்னியாவின் லா ஹோயாவுக்குச் சென்றார். நிலவு ஒருபோதும் உருகாத தொன்மையான பொருள் என்பது இவர் கருத்து. 1969 இல் அப்பல்லோ 11 கொண்டுவந்த எரிமலைப் பாறைகள் அதனைப் பொய்யாக்கின. யூரி அதனை ஏற்றுக்கொண்டார். 1981 ஜனவரி 5 இல் லா ஹோயாவில் காலமானார். நிலவின் ஒரு பள்ளமும் 4716 எண்ணுள்ள சிறுகோளும் இவர் பெயரைத் தாங்கியுள்ளன.

நீரிலிருந்து டிரிட்டியம்

இணைவு உலைகளுக்கு மிக எளிதாக இணையும் எரிபொருள் டியூட்டீரியமும் டிரிட்டியமும் ஆகும். டியூட்டீரியம் கடல்நீரில் வேண்டிய அளவு உள்ளது. டிரிட்டியமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 5.5 விழுக்காடு சிதைந்து அழிகிறது. சேமித்து வைத்தாலும் நிலைக்காது. ஒரு கிகாவாட் இணைவுத் திறனை ஓராண்டு முழுவதும் பெற ஏறத்தாழ 56 கிலோகிராம் டிரிட்டியம் எரிய வேண்டும். இராணுவப் பயன்பாட்டிற்கு வெளியே உலகில் உள்ள இருப்போ சில பத்துக் கிலோகிராம் மட்டுமே. எதிர்கால உலைகள் லித்தியத்திலிருந்து தமக்கு வேண்டியதைத் தாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும் என்பது திட்டம். ஆனால் தொடக்கத்திற்கான டிரிட்டியம் வேறெங்கிருந்தாவது வந்தாக வேண்டும்.

அது கன நீர் அணு உலைகளிலிருந்து வருகிறது. அவற்றில் டியூட்டீரியம் நியூட்ரானை விழுங்கி டிரிட்டியமாகிறது. அந்த டிரிட்டியம் நீரின் மூலக்கூறிலேயே பிணைந்திருப்பதால் வடிகட்டியோ உப்பு நீக்கும் பிசினோ அதனைப் பிடிக்காது. எனவே யூரியின் பரிமாற்ற வினை இங்கே எதிர்த்திசையில் பயன்படுகிறது. கனடாவின் டார்லிங்டன் நிலையத்தில் 1990 அளவில் இயங்கத் தொடங்கிய ஆலையில், கன நீர் ஆவியாக்கப்பட்டு, ஏறத்தாழ 200 பாகை செல்சியசில் வினையூக்கியின் மேல் டியூட்டீரிய வாயுவுடன் சந்திக்கிறது. அவ்வெப்பநிலையில் டிரிட்டியத்திற்கு நீர் மீதுள்ள பற்று தளர்ந்துவிடுவதால், அதில் ஒரு பகுதி வாயுவிற்குள் வருகிறது. பின்னர் அவ்வாயு 25 கெல்வின் அளவிற்குக் குளிர்விக்கப்பட்டு, உயரமான கோபுரங்களில் காய்ச்சி வடிக்கப்படுகிறது. கனமானதாகிய டிரிட்டியம் அடியில் சேர்கிறது. பிரிக்வெட் 1931 இல் செய்ததும் இதுவே. பிரித்த டிரிட்டியம் டைட்டேனிய உலோகத்தில் உறிஞ்சப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1972 லேயே இத்தகைய சிறிய ஆலை இருந்தது. தென் கொரியாவின் வோல்சாங்கில் 2007 இல் ஒன்று தொடங்கப்பட்டது.

டிரெயிலில் நீரை ஆவியாக்க வேண்டியிருந்ததன் காரணம், திரவ நீர் பட்டால் பிளாட்டினத்தின் மேற்பரப்பை நீர்ப்படலம் மூடிக்கொள்ளும். ஹைட்ரஜன் அதனை அடைய இயலாது. 1970 களில் கனடாவின் சாக் ரிவர் ஆய்வகத்தில் நீர் ஒட்டாத வினையூக்கிகள் உருவாக்கப்பட்டபின் இத்தடை நீங்கியது. அதனால் திரவ நீரே அறை வெப்பநிலைக்குச் சற்று மேலான வெப்பத்தில் ஹைட்ரஜனுடன் பரிமாறிக்கொள்ள முடிகிறது. பிரான்சில் கட்டப்பட்டு வரும் ஐட்டர் இணைவு உலையில், கசியும் டிரிட்டியம் காற்றில் நீராக மாற்றப்பட்டுப் பிடிக்கப்படும். அந்நீரை மின்னாற்பகுத்து, வரும் ஹைட்ரஜனைப் பரிமாற்றக் கோபுரத்தில் தூய நீரால் கழுவி, டிரிட்டியத்தை மீண்டும் எரிபொருள் சுழற்சிக்குக் கொண்டுவருவது திட்டம்.

எல்லா நீரிலிருந்தும் டிரிட்டியத்தை மீட்பது பயன் தராது. ஜப்பானின் புகுஷிமாவில் தேக்கி வைக்கப்பட்ட பத்து இலட்சம் கன மீட்டருக்கும் மேற்பட்ட நீரில் இருந்த டிரிட்டியம் மொத்தமாகச் சில கிராம் மட்டுமே. அதனைப் பிரிக்காமல், நீரை நீர்க்கச் செய்து 2023 ஆகஸ்ட் முதல் கடலில் விடத் தொடங்கினர். மாறாக, கன நீர் உலையின் நீரில் டிரிட்டியம் செறிந்திருப்பதால் அங்கே மீட்பு இருவகையில் உதவுகிறது. பணியாளர் உடலினுள் செல்லக்கூடிய கதிரியக்கம் குறைகிறது. இணைவு ஆய்வுக்கு எரிபொருளும் கிடைக்கிறது. கனடாவில் கன நீர் உலைகள் பல வயது முதிர்ந்து மூடப்பட்டு வருகின்றன. ஐட்டரில் டியூட்டீரியம்–டிரிட்டியம் இயக்கம் 2039 இல் தொடங்கும் என்று 2024 இல் அறிவிக்கப்பட்டது. அதுவரை இருப்பு குறைந்துவிடாமல் இருக்க வேண்டுமாயின், புதிய டிரிட்டியம் தொடர்ந்து நீரிலிருந்து பிரிக்கப்பட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ருமேனியாவின் செர்னவோடா அணுமின் நிலையத்தில் அதற்கான ஆலை ஒன்றை அமைக்க 2023 இல் ஒப்பந்தம் கையெழுத்தானது.